எலிகளுக்கு எட்டு லிட்டர்

2 ஜூன் 2025, திங்கள்

மேல்தொட்டி கழுவுகிறவன் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்பது ஐம்பதுக்கு வந்தான். திருப்பி அனுப்பிவிட்டேன். நாளை எட்டுக்கு வருவான்.

பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் கிருபாகரன் பேசினார். என் கணவர் இருந்த பதவியில் இப்போது அவர் இருக்கிறார். கணவர் பெயரில் ஆண்டுதோறும் நினைவுச் சொற்பொழிவு நடத்த முடிவாகிவிட்டதாம். முதலாவது ஆகஸ்ட் இருபதாம் தேதி. மேடையில் எனக்கு நாற்காலி. அழைப்பிதழுக்கு ஒரு படம் கேட்டார். கறுப்புக் கோட்டில் இருப்பதை அனுப்புகிறேன் என்றேன். சட்டை கசங்கிய படங்களை அவர்களாக எடுத்துப் போட்டுவிடக் கூடாது.

பதினோரு மணிக்கு, வீட்டு வேலைக்கு வரும் பச்சையம்மாளுக்குக் காப்பி. அவள் டம்ளர் பின்கட்டு ஜன்னலில் இருக்கிறது. பாத்திரத்தில் பற்று இருந்தது. மறுபடி தேய்க்கச் சொன்னேன்.

என் கணவருடைய கண்ணாடித் தண்ணீர் பாட்டில்கள் ஆறும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் அவற்றில்தான் குடித்தார். வயதானால் ஆண்களுக்கு ஏதாவது ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது. எனக்கு இன்றும் வெள்ளிக் குடத்துத் தண்ணீர்தான். கல்யாணத்துக்கு அம்மா நாகர்கோவிலில் செய்து கொடுத்த குடம்.

மாலை ஒரு தொலைபேசி. ஜெபக்கனி. நாளை வரலாமா என்று கேட்டாள். பதினொன்றுக்கு வா என்றேன்.

3 ஜூன், செவ்வாய்

தொட்டி கழுவியாயிற்று.

ஜெபக்கனி பதினொன்று ஐந்துக்கு வந்தாள். பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு பார்க்கிறேன். தலையில் பாதி நரை. நாற்பத்துநான்கு வயதுக்கு இது அதிகம்.

"எத்தனை மணிக்கு வரச் சொன்னேன்?"

"பதினொன்னுக்கும்மா. பஸ்ஸுக்கு அது தெரியல."

சாரின் சாவுக்கு வர முடியவில்லை, செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது என்றாள். கூடத்தில் உட்காரச் சொன்னேன். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டேன்.

"தி.நகர்ல நகைத் தரம் பாக்குற கடைம்மா. தாலியில எவ்வளவு செம்பு கலந்திருக்குன்னு மெஷின்ல வெச்சுச் சொல்லணும். ஒருத்தரும் சிரிச்சுக்கிட்டுத் திரும்பிப் போனதில்ல."

பின்னால் குழப்பம் வராமல் இருக்க இவள் யார் என்பதை எழுதி வைக்கிறேன். என் கணவரிடம் ஆராய்ச்சி செய்தவள். சாத்தான்குளம் பக்கம். அப்பா பனைவெல்ல வியாபாரி. 2012-இல் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. நானோ வெள்ளி என்ற ஒன்றைக் காலுறை, காயத்துணி, தண்ணீர் வடிகட்டி எல்லாவற்றிலும் பூசி விற்கத் தொடங்கியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள். அது வயிற்றுக்குள் போனால் எங்கே தங்குகிறது, சினை எலி குடித்தால் குட்டியின் மூளை வரைக்கும் போகிறதா என்பதே கேள்வி. ஒரு கூட்டம் எலிகளுக்கு அந்த வெள்ளியைக் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர் மட்டும். பிறகு உறுப்புகளைக் காயவைத்துப் பொடித்து, குப்பியில் அடைத்து, அணு உலைக்குள் வைத்து எடுத்தார்கள். நியூட்ரான் பட்ட உலோகம் சிறிது காலம் கதிர் வீசும். அந்தக் கதிரை எண்ணினால் எந்த உலோகம், எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு கிணற்றில் ஒரு சிட்டிகை இருந்தாலும் தெரியுமாம்.

ஆனால் எடுத்த உடனே எண்ண முடியாது. உடம்பில் உள்ள சோடியமும் மற்றதும் முதலில் பெருங்கூச்சல் போடும். ஒரு மாதம் ஈயப் பெட்டிக்குள் ஆறப் போட வேண்டும். வெள்ளியின் கதிர் பாதியாகக் குறையவே இருநூற்றைம்பது நாள் ஆகும். "கத்துறதெல்லாம் ஓயட்டும் லலிதா. அப்புறமும் பேசிட்டிருக்கிறதுதான் வெள்ளி" என்பார் இவர்.

வெறும் தண்ணீர் குடித்த எலிகளிடமும் வெள்ளி இருந்தது. மூளையிலும் இருந்தது. இவள் குப்பிகளை மாற்றினாள் அல்லது கணக்கைப் பொய்யாக எழுதினாள் என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. பதிவு ரத்தாயிற்று.

"ஒரு தடவை மட்டும் பழைய ஆளுங்களுக்கு வாய்ப்புக் குடுக்குறாங்கம்மா. ஜூலை இருபத்தஞ்சாம் தேதி குழு கூடுது. என் பேர்ல இருக்கிற பொய்க் கணக்குங்கிற வார்த்தையை எடுத்துட்டா தீசிஸ் குடுக்கலாம். இல்லைன்னா அது அப்படியே நின்னுடும், இனிமே யாரும் தொட மாட்டாங்க." கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. "எங்கப்பா சாகிற வரைக்கும் கேட்டுட்டிருந்தாரு, 'நீ என்னம்மா தப்பா எழுதிட்ட?'ன்னு."

"அதற்கு நான் என்ன செய்ய முடியும்?"

"அந்தக் கோடையில எலிக்கூடத்துல தண்ணி மெஷின் கெட்டுப்போச்சு. அஞ்சு வாரம் இங்கேயிருந்துதான் தண்ணி போச்சு. நான்தான் ஆட்டோவுல கேன் எடுத்துட்டுப் போவேன். ஞாபகம் இருக்காம்மா?"

"ஏதோ."

"குழுகிட்ட அதைச் சொன்னேன். சார் நினைவில்லைன்னுட்டாரு. வெளித்தண்ணி குடுக்க அனுமதி கிடையாது, அதான். ஆனா சார் எந்தத் தண்ணியையும் கொஞ்சம் எடுத்து வைக்காம விட்டதில்ல. மூணு பாட்டில். க ஒண்ணு, க ரெண்டு, க மூணு. அதுல வெள்ளி இருந்தா தப்பு தண்ணியில, என் கையில இல்லைன்னு ஆகிடும்." கொஞ்சம் தயங்கினாள். "அப்போ உங்க வீட்ல வெள்ளி பூசின ஃபில்டர் ஏதாவது இருந்துச்சாம்மா?"

"எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இருந்ததில்லை" என்றேன். அது உண்மை.

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். பையில் இருக்கிறது என்றாள்.

5 ஜூன், வியாழன்

எலுமிச்சை ஊறுகாய் போட்டேன், நாற்பது பழம். பாட்டில் தேட நேரமில்லை.

7 ஜூன், சனி

கிருபாகரன் பேசினார். குழுவுக்கு அவர்தான் தலைவர். பாட்டில்கள் இருந்தால் துறைக்கு நேரடியாகக் கொடுக்க வேண்டும், இடையில் யார் கையும் படக் கூடாது என்றார். திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறாராம். பிறகு சொற்பொழிவைப் பற்றிப் பேசினார். வாசலில் குத்துவிளக்கு நான் ஏற்ற வேண்டுமாம். 'தாணுமாலயன் சார் மாதிரி ஒரு சுத்தமான மனுஷன்' என்றார்.

8 ஜூன், ஞாயிறு

அவருடைய அலமாரியைத் திறந்தேன். மூன்று பாட்டில்களும் இரண்டாம் தட்டில், அகராதிகளுக்குப் பின்னால் இருந்தன. வெள்ளை பிளாஸ்டிக், ஒவ்வொன்றும் ஒரு சாண். அவர் கையெழுத்தில் தேதி. தேடும் வேலையே இல்லை. நானே அடுக்கிய அலமாரி.

தூசி. கழுத்தில் ஒட்டிய நாடா மஞ்சளாகி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அழுக்கான ஒரு பொருளை இந்த வீட்டை விட்டு நான் வெளியே அனுப்பியதில்லை. மூன்றையும் சுத்தம் செய்து, துணியில் கவிழ்த்து, புது நாடா ஒட்டி, மேசையில் வரிசையாக வைத்தேன். சமையலறையில் ஒன்றரை மணி நேரம் வேலை. பச்சையம்மாளை இன்று வர வேண்டாம் என்று நேற்றே சொல்லியிருந்தேன்.

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினில் சிவப்பு விளக்கு எரிகிறது. இன்று அதிகம் ஓடிவிட்டது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

9 ஜூன், திங்கள்

துறையிலிருந்து ஒருவர் வந்தார். கூட ஜெபக்கனி. ஆனால் அவளைத் தொட விடவில்லை. எனக்கு ஒரு படிவம்: 'இப்பாட்டில்கள் என் பொறுப்பில் இருந்தன; திறக்கப்படவில்லை.' கையெழுத்துப் போட்டேன். படிவத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகான கையெழுத்து" என்றார் அவர். கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் விரல் முட்டியில் அளவுகோலால் அடித்துப் பழக்கியது.

படியிறங்கும்போது ஜெபக்கனி திரும்பி, "ரொம்ப நன்றிம்மா" என்றாள்.

மெஷின்காரன் வந்து வடிகட்டி மாற்றினான்.

12 ஜூன், வியாழன்

இன்று உலையில் வைத்துவிட்டார்களாம். தண்ணீர் ஒரு குப்பியில். பாட்டிலின் சுவரிலிருந்தும் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி வைத்திருக்கிறார்களாம். சுவரை எதற்கு வெட்ட வேண்டும்? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இனி ஒரு மாதம் ஆற வேண்டும்.

21 ஜூன், சனி

முழங்கால் வலி. ஜன்னல் திரைகளை வெளுக்கப் போட்டேன். ஒன்று சுருங்கிவிட்டது.

3 ஜூலை, வியாழன்

அழைப்பிதழ் மாதிரி வந்தது. கறுப்புக் கோட்டுப் படம். நன்றாக இருக்கிறது. கீழே என் பெயர், 'முன்னிலை: திருமதி லலிதாம்பிகை தாணுமாலயன்'. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கலாம்.

தூக்கம் சரியில்லை.

15 ஜூலை, செவ்வாய்

ஜெபக்கனி சொல்லாமல் வந்தாள். கடைச் சீருடையிலேயே வந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"முடிவு வந்துருச்சும்மா."

"சொல்லு."

"பாட்டில்ல இருந்த தண்ணியில வெள்ளி இல்ல. ஒண்ணுமே இல்ல. முதல் நாள் எண்ணினதுல உப்புகூட இல்ல." என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள். "உங்க வீட்டுது கடற்கரைக் கிணத்துத் தண்ணிம்மா. நானே குடிச்சிருக்கேன், நாக்குல கரிக்கும். சோடியமும் குளோரினும் கொட்டணும். இது மெஷின் தண்ணி."

மின்விசிறியை இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்தேன்.

"ஆனா சுவருல வெள்ளி இருக்கு. மூணு பாட்டில்லயும் இருக்கு. வெள்ளி அப்படித்தான், வருஷக் கணக்கா நின்னா தண்ணியை விட்டுட்டு சுவத்துல போய் ஒட்டிக்கும். அலசினா போகாது. ஆசிட் ஊத்தணும்."

அலசினால் போகாது என்பது எனக்குத் தெரியாது. வெள்ளிப் பாத்திரத்தை நாற்பத்தெட்டு ஆண்டாகத் துலக்குகிறேன், அதைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

"அப்போது உனக்கு நல்லதுதானே. வெள்ளி இருக்கிறதே."

"இல்லம்மா. யாரோ தண்ணியை மாத்தியிருக்காங்க. அதனால மாதிரி செல்லாது. கிருபாகரன் சார் என்ன சொல்றாருன்னா, ஜூன் மூணாம் தேதி நான் இந்த வீட்டுக்கு வந்தேன். நான்தான் சுவத்துல வெள்ளியைத் தடவிட்டு, அவசரத்துல கையில கிடைச்ச தண்ணியை ஊத்திட்டேனாம். மறுபடியும் பொய்க் கணக்கு. இந்தத் தடவை போலீஸுக்குப் போவோம்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு." கைக்குட்டையை எடுத்தாள். ஆனால் அழவில்லை, கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாட்டிலை யாராவது திறந்தாங்களாம்மா?"

"இல்லை."

"பச்சையம்மா?"

"அவள் அந்த அறைக்குள் போக மாட்டாள்."

"அப்போ சரிம்மா" என்று எழுந்தாள். வாசலில் செருப்பு மாட்ட வெகு நேரம் ஆயிற்று அவளுக்கு.

16 ஜூலை, புதன்

தலைவலி.

17 ஜூலை, வியாழன்

ஒன்றுமில்லை.

19 ஜூலை, சனி

பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னேன். பழைய நாட்குறிப்புகள், 1965 முதல். 2012 நீல அட்டை.

வாசித்தேன். எல்லாம் இருக்கிறது. இருக்கும் என்று தெரியும்.

சிஸ்டர் பெர்னதெத் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்று. நோட்டில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தவறு செய்தால் அதன் மேல் ஒரே ஒரு கோடு. கீழே இருப்பதை வாசிக்க முடிய வேண்டும். அறுபது ஆண்டாக ஒரு பக்கம் கிழித்ததில்லை. ஜூன் எட்டாம் தேதிப் பக்கத்தையும் கிழிக்கப் போவதில்லை. ஆனால் அதில் நான் எழுதியது போதாது. எனவே இங்கே எழுதுகிறேன்: பாட்டில்களின் உள்பக்கத்தையும் கழுவினேன். மும்முறை. பிறகு மெஷின் தண்ணீரை ஊற்றி, அவர் கோடு போட்டிருந்த அளவு வரைக்கும் நிரப்பினேன்.

ஏன் என்று எழுத வேண்டும். காப்பி குடித்துவிட்டு எழுதுகிறேன்.

எழுதுகிறேன். பாட்டிலில் வெள்ளி கிடைத்தால் என் குடம் வெளியே வந்துவிடும், அவர் மறைத்ததும். எலிகளுக்குத் தண்ணீர் காய்ச்சி, ஆறவைத்து, பிளாஸ்டிக் கேனில் ஊற்று என்றுதான் அவர் சொன்னார். அந்தப் பிளாஸ்டிக் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீரை இரவு முழுவதும் வெள்ளியில் வைப்போம். வெள்ளி தண்ணீரைச் சுத்தமாக்கும் என்று என் அம்மாவும் அவள் அம்மாவும் வைத்தார்கள். காய்ச்சிய நீரை இரவில் குடத்தில் வைத்து, காலையில் கேனில் மாற்றினேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சமையலறையில் நான் எதை எதில் வைக்கிறேன் என்று அவரிடம் சொல்லும் வழக்கம் கிடையாது.

விசாரணை முடிந்த அன்று, 2013 ஜனவரியில், மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கேட்டார். குடத்திலிருந்து சாய்த்துக் கொடுத்தேன். வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். டம்ளரைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். டம்ளரை மேசையில் வைத்தார், குடிக்கவில்லை. மறுநாள் கண்ணாடி பாட்டில் ஆறு வாங்கிக்கொண்டு வந்தார்.

அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டு. மூன்று பாட்டில்களையும் அவர் தூக்கி எறியவும் இல்லை, யாரிடமும் கொடுக்கவும் இல்லை. பிடிவாதம் என்று எழுதியிருந்தேன். அது பிடிவாதமில்லை.

20 ஜூலை, ஞாயிறு

குடத்தைப் புளி போட்டுத் துலக்கினேன். குடிக்கத் தண்ணீர் ஊற்றவில்லை.

23 ஜூலை, புதன்

கிருபாகரனைக் கூப்பிட்டு, குழுவின் முன்னால் நான் பேச வேண்டும் என்றேன். எதைப் பற்றி என்று கேட்டார். சொன்னேன், முழுவதும்.

"அம்மா, உங்க வயசு, உங்க துக்கம். அந்தப் பொண்ணு வந்து ஏதாவது சொல்லிக் குடுத்துச்சா?"

"எனக்குச் சொல்லிக்கொடுக்கும் வயதில் யாரும் உயிரோடு இல்லை டாக்டர்."

"சார் பேர் கெட்டுப் போகும்மா. வெளித்தண்ணி கொண்டு வந்தது, மறைச்சது, எல்லாம் பதிவாகும். அப்புறம் சொற்பொழிவுன்னு ஒண்ணு எப்படி நடத்துறது? இதை இப்படியே விட்டா, மாதிரி செல்லாதுன்னு ஒரு வரியில முடிச்சிடலாம். போலீஸெல்லாம் வேண்டாம்னு நான் பாத்துக்கறேன். உங்க பேர் எங்கேயும் வராது."

அந்த நாட்குறிப்போடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

24 ஜூலை, வியாழன்

நீல நாட்குறிப்பில் மே 14-ஆம் பக்கத்தை நகல் எடுக்கக் கடைக்குப் போனேன். அந்தப் பக்கத்தில்தான் குடம் முழு விவரத்தோடு இருக்கிறது. அதே பக்கத்தின் கீழ்ப் பாதியில் வேறு விஷயம். கடைக்காரப் பெண்ணிடம், கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறைத்து எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"எடுக்கலாம் பாட்டி. ஆனா மறைச்சிருக்குன்னு பாத்தாலே தெரியும்."

நகல் எடுக்காமலே வந்துவிட்டேன்.

25 ஜூலை, வெள்ளி

காலை ஒன்பதரைக்கு ஆட்டோ. அரக்கு நிறப் பட்டு. ஒரு கையில் நாட்குறிப்பு, இன்னொரு கையில் துணியில் சுற்றிய குடம். ஆட்டோக்காரன் "என்னம்மா, கோயிலுக்கா?" என்றான். ஆமாம் என்றேன்.

குழுவில் ஐந்து பேர். நடுவில் கிருபாகரன். ஓரத்தில் ஒரு பெண், சட்டப் பிரிவு என்று சொன்னார்கள். ஜெபக்கனி எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள், பிறகு உட்கார்ந்தாள்.

பாட்டில்களை ஜூன் எட்டாம் தேதி நான் கழுவியதையும், படிவத்தில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டதையும் முதலில் சொன்னேன். குடத்தை மேசையில் வைத்தேன். ஒருவர் எனக்குக் காகிதக் கோப்பையில் தண்ணீர் நீட்டினார். இன்னொருவர், "பெரியவங்களுக்குச் சில சமயம் நினைவு கலங்கும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், எனக்குக் காது கேட்காது என்று நினைத்து. எழுபத்தாறு ஆண்டில் நான் சொன்னதை யாரும் நம்பாமல் இருந்ததில்லை. உண்மை சொன்ன அன்று நம்பவில்லை.

நாட்குறிப்பை எடுத்தேன். எலி, குடம், எட்டு லிட்டர் என்று இருக்கும் வரிகளை வாசிப்பதாகச் சொன்னேன்.

அந்தப் பெண் அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார்: "பகுதியா வாசிச்சா பதிவுல சேர்க்க முடியாதுங்கம்மா. அந்தப் பக்கம் முழுக்க வாசிக்கணும். நீங்களே வாசிச்சா நல்லது."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். வாசித்தேன். நேற்றிரவே கையால் படியெடுத்து வைத்திருந்தேன்; இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

'14 மே 2012, திங்கள். நேற்று கிணற்று நீர் எட்டு லிட்டர் காய்ச்சி ஆறவைத்து, இரவு வெள்ளிக் குடத்தில் வைத்து, காலை ஏழு மணிக்குக் கேனில் மாற்றினேன். எலிகளுக்கு. நேராகப் பிளாஸ்டிக்கில் ஊற்றச் சொன்னார். மனம் ஒப்பவில்லை. எலியானாலும் உயிர். சுத்தமானதைக் குடிக்கட்டும்.

எட்டரைக்கு அந்தப் பெண் கேன் எடுக்கப் பின்வாசலுக்கு வந்தாள். வெயிலில் வந்ததால் தண்ணீர் கேட்டாள். அவர்களுக்கென்று வைத்திருக்கும் டம்ளரில் கிணற்று நீரை மொண்டு கொடுத்தேன். மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க அடியில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். அவள் போனபின் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தேன். கெட்டிக்காரப் பெண்தான். இருந்தாலும் வழக்கம் வழக்கம்தான்.

மாவடு வந்தது, மூன்று படி.'

மாவடு வரைக்கும் வாசித்தேன். முழுப் பக்கம் என்றால் முழுப் பக்கம்.

காகிதக் கோப்பை கொடுத்தவர் ஜன்னலைப் பார்த்தார். நினைவு கலங்கியவள் என்று இப்போது யாரும் சொல்லவில்லை. இப்படி ஒன்றை இட்டுக்கட்டி எழுதி வைத்துக்கொள்ள யாருக்கும் தேவை இருந்திருக்காது. பெண் அதிகாரி நாட்குறிப்பை வாங்கி, முன்னும் பின்னும் பக்கங்களைப் புரட்டி, தையலைப் பார்த்து, முத்திரை போட்டு எடுத்து வைத்தார். குடத்தையும் வைத்துக்கொண்டார்கள். கிணற்று நீரைக் காய்ச்சி, ஓர் இரவு அதில் வைத்து, உலைக்கு அனுப்புவார்களாம். இன்னொரு மாதம் ஆற வேண்டும்.

தாழ்வாரத்தில் ஜெபக்கனி வந்து நின்றாள். பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அந்த டம்ளர் விஷயத்தை நீ காதால் கேட்கும்படி ஆயிற்று" என்றேன்.

"டம்ளர் எனக்கு அப்பவே தெரியும்மா. சிவப்புப் புள்ளி. தூக்கிக் குடிச்சா அடி தெரியாதா?" குரலில் கோபம் இல்லை. நகையில் எவ்வளவு செம்பு என்று சொல்லும் குரல். "குடத்தைத்தான் தெரியாது."

பிறகு அவளே சொன்னாள்: "எலிக்கு வெள்ளிக் குடத்துல குடுத்திருக்கீங்க."

கடைக்கு நேரமாகிறது, அரை நாள்தான் லீவு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வழக்கமாகச் சொல்லும் 'வர்றேம்மா'வைச் சொல்லவில்லை.

8 ஆகஸ்ட், வெள்ளி

கடிதம். ஜெபக்கனியின் பெயரிலிருந்து 'பொய்க் கணக்கு' என்பது நீக்கப்படுகிறது. குடத்து நீரின் முடிவு வந்ததும் இறுதியாகும். எலிகளின் வெள்ளிக்குக் காரணம், 'மேற்பார்வையாளரின் இல்லத்திலிருந்து அனுமதியின்றிக் கொண்டுவரப்பட்ட குடிநீர். மேற்பார்வையாளர் இதை விசாரணையில் மறைத்தார்.' மேற்பார்வையாளர் என்றே போட்டிருக்கிறது. பெயர் அடைப்புக்குள்.

ஜெபக்கனியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்தாள். தீசிஸை எப்போது கொடுப்பாய் என்று கேட்டேன்.

"தெரியலம்மா. பதிமூணு வருஷம் ஆச்சு. அந்த எலிங்க எல்லாமே வெள்ளி குடிச்ச எலிதானே. வெள்ளி இல்லாத எலின்னு ஒண்ணுகூட இல்ல. எதை வெச்சு எதை ஒப்பிடறது? முதல்லேருந்து செய்யணும். செப்டம்பர் முப்பதுதான் கடைசித் தேதி."

பின்னால் யாரோ வாடிக்கையாளர் சண்டை போடும் சத்தம் கேட்டது. அவளே வைத்துவிட்டாள்.

20 ஆகஸ்ட், புதன்

சொற்பொழிவு இல்லை. கடிதமும் இல்லை. கறுப்புக் கோட்டுப் படம் தபாலில் திரும்பி வந்தது, ஓரம் மடங்கி.

21 ஆகஸ்ட், வியாழன்

காலை ஐந்தேகால். கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

பின்கட்டு ஜன்னலிலிருந்து அந்த டம்ளரை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். புள்ளி இருக்கிறது. இத்தனை ஆண்டாகப் பச்சையம்மாள் தேய்த்தும் போகவில்லை. அரிவாள்மணை நுனியால் சுரண்டினேன். அரை மணி நேரம் ஆயிற்று. தேய்த்துக் கழுவி உள்ளே அலமாரியில், மற்ற எவர்சில்வர் டம்ளர்களோடு வைத்தேன்.

பதினோரு மணிக்குக் காப்பி கலந்தேன். பச்சையம்மாள் ஜன்னலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து நின்றாள்.

"என் டம்ளர் எங்கம்மா?"

அலமாரியைக் காட்டினேன். பதினொரு டம்ளர். எது என்று எனக்கும் தெரியவில்லை. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள் என்றேன்.

"இல்லம்மா, என்னோடது" என்றாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாளே தவிர, தொடவில்லை.

காப்பி ஆறிப்போயிற்று.